இடது கால் மீது ஒரு புகார்

ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் நோயின் பெயரோடுதான் வரும். வண்டி சொல்லாது, வண்டிக்காரர் சொல்வார். "கியர் பாக்ஸ் போச்சு", "கார்புரேட்டர் அடைச்சிருக்கு", "டிரைவர் சரியில்லை". மூன்றையும் ஒரே மூச்சில் சொல்பவர்களும் உண்டு. இவ்வளவு தெரிந்தவர் நம்மிடம் எதற்கு வந்தார் என்று கேட்டுவிடாதீர்கள், அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதை மட்டும் நம்பாதீர்கள். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வு பெற்று வீட்டு மின்விசிறிக்கு எண்ணெய் விடுவதோடு கையைக் கழுவிவிட்ட நான் தரக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். இதோடு நிறுத்தினால் உங்களுக்கு நிம்மதி. ஆனால் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டது நீங்கள்தான். அனுபவியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். விருதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் இரண்டாவது மெக்கானிக். எனக்கு மேலே ஒரு ஃபோர்மேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் பிள்ளைகள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். கெட்டிக்காரர். தான் கெட்டிக்காரர் என்பது தெரிந்த கெட்டிக்காரர், அதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு. ஒரு இன்ஜினின் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே என்ன பழுது என்று சொல்லிவிடுவார். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டை யாரும் அவரிடம் நினைவுபடுத்துவதில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப் ஓடியது லாரிகளால். லாரிகள் ஓடியது பட்டாசு லோடால். அந்த லாரிகளில் பாதி, சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளிக்குச் சொந்தம். ஆகவே அவர் தும்மினால் எங்களுக்குச் சளி பிடிக்கும்.

இந்த முதலாளி கார் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். அவர் கம்பெனி சரவெடிக்கு லேபிளில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சிவகாசி அச்சகத்து ஓவியர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்து வரைந்தது. ஓவியருக்குக் கார் ஓட்டிப் பழக்கம் இல்லாததால் ஸ்டியரிங் வரைய மறந்துவிட்டார். காருக்குள் ஒருவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சிரிப்பான். அந்த லேபிள் வடக்கே அமோகமாக ஓடியது. ஊரில் மற்றவர்கள் உலகத்தில் இருப்பதைப் பார்த்து லேபிள் அடிப்பார்கள். இவர் லேபிளைப் பார்த்துக் கார் வாங்கினார். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விட்டுப்போன பழைய சிவப்பு வண்டி, லேபிளில் இருந்ததற்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருந்தது. யானை மார்க் வைத்திருந்தவர்களுக்கு இந்த யோசனை வராமல் போனது அந்த வட்டாரத்தின் அதிர்ஷ்டம்.

இரண்டு பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. விருதுநகர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எங்கே கிடைக்கும்? பந்தயத்தில் பறப்பதற்காகச் செய்த அந்த வண்டி, சிவகாசி ரோட்டில் தீக்குச்சிக் கட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் பவ்யமாக ஊர்ந்து போகும். முதலாளி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். ஓட்டுவது டிரைவர் ஞானமுத்து.

ஞானமுத்து அதற்கு முன்பு லாரி ஓட்டியவர். சென்னைக்கும் பம்பாய்க்கும் லோடு கொண்டுபோனவர். ஒரு தடவை லாரி கவிழ்ந்து இடது கால் எலும்பு உடைந்தது. கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் நொண்டுவார். நொண்டும் டிரைவரிடம் லாரியைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் இந்த முதலாளிதான் காருக்கு வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதோடு விடவில்லை, "நொண்டிக்கு வாழ்வு குடுத்திருக்கேன்" என்று கல்யாண வீடு, கோயில் கமிட்டி, ஏஜெண்டுகள் கூட்டம் எல்லாவற்றிலும் சொல்லிக்கொண்டிருந்தார். ஞானமுத்து பக்கத்தில் நிற்கும்போதும் சொல்வார். பக்கத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் காரில் கியர் கடிக்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் முதல் கியர் போட்டாலே கறகறவென்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டால் தெரு திரும்பிப் பார்க்கும். ஓட்டத்தில் இரண்டாவதுக்கு மாற்றினால் இன்னொரு தடவை. சிவகாசி பஜாரில் அந்தச் சத்தத்துக்கு "மொதலாளி சரம்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். மதுரை ஏஜெண்டு ஒருவர், "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் வெடியைக் காருக்குள்ளயே கொளுத்திக் காட்டுறீகளோ?" என்று கேட்டாராம். முதலாளிக்கு மானம் போனது. மானம் போனால் பணக்காரர் செய்வதைத்தான் அவரும் செய்தார், வண்டியை எங்களிடம் தள்ளிவிட்டார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கிளட்ச் பெடலை முழுக்க மிதித்தால்தான் இன்ஜின் ஒரு பக்கமும் கியர் ஒரு பக்கமுமாக விலகும். அரைகுறையாக மிதித்தால் சுற்றிக்கொண்டிருக்கும் பல்லில் இன்னொரு பல்லைக் கொண்டுபோய்ச் சொருகுகிறோம். கடிக்காமல் கொஞ்சவா செய்யும்? நின்ற இடத்திலேயே கடித்தால் முதல் சந்தேகம் கிளட்ச் மேல்தான் வர வேண்டும். எங்கள் ஃபோர்மேனுக்கும் வந்தது. வண்டிக்குள் கிடந்ததை எல்லாம் இறக்கி ஒதுக்கிவிட்டு மிதித்துப் பார்த்தார். பெடல் முழு தூரமும் இறங்கி அடித் தகட்டில் "டங்" என்று முட்டியது. கிளட்ச் ஒழுங்காக விலகியது. ஆகவே கிளட்ச் நிரபராதி. அடுத்த குற்றவாளி கியர் பெட்டி.

அந்தக் காரில் கியர் பெட்டியை வெளியே எடுக்க வேண்டுமானால் உள்ளேயிருந்துதான் எடுக்க வேண்டும். சீட், கீழே கிடக்கும் விரிப்பு, தரைப் பலகை எல்லாம் வெளியே வரும். எடுத்தோம், திறந்தோம். வயசுக்கு ஏற்ற தேய்மானம், அவ்வளவுதான். கியர் கம்பியைத் தாங்கும் புஷ் என்கிற சிறு வளையத்தை மாற்றி, ஆயிலை மாற்றி, பூட்டினோம். ஃபோர்மேன் ஓட்டிப் பார்த்தார். நான் ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஞானமுத்து வந்து, சீட்டு, விரிப்பு, முதலாளியின் சாம்பிள் பெட்டிகள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் அடுக்கி, ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டார்.

கறகறவென்றது.

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் ஞானமுத்துவைப் பார்த்தேன். ஞானமுத்து தன் இடது முழங்காலைப் பார்த்தார்.

"பழகணும்யா, பழைய வண்டி" என்று சொல்லி அனுப்பிவைத்தோம். ஒரு வாரத்தில் வண்டி திரும்ப வந்தது. மறுபடியும் பெட்டியை இறக்கினோம். இந்தத் தடவை ஃபோர்மேன் ஒவ்வொரு பல்லையும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பூட்டினோம், ஓட்டினோம், வெண்ணெய். ஞானமுத்து வந்தார், அடுக்கினார், உட்கார்ந்தார், கடித்தது. ஃபோர்மேன் கையில் இருந்த துணியைத் தரையில் போட்டார்.

"வண்டியில ஒண்ணுமில்லலே" என்றார் என்னிடம். "நம்ம கையில விழுற கியரு அந்தாளு கையில கடிக்குது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓட்டை இல்லாத நியாயம். இப்படி ஓட்டையே இல்லாத நியாயம் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் கொஞ்சம் பயப்படுங்கள்.

இரண்டு நாளில் முதலாளியே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நாற்காலி போட்டோம், கலர் சோடா வாங்கி வந்தோம். குடித்துவிட்டுச் சொன்னார்: "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாம் அந்தப் பய காலுதான். பரிதாபப்பட்டு வச்சேன், வண்டியையே தின்னுட்டான். ஆனா நானா அனுப்புனா ஊரு என்ன சொல்லும்? நொண்டியை வெரட்டிட்டான்னு சொல்லும். நீங்க நாளைக்குக் கம்பெனிக்கு வந்து, நாலு பேரு முன்ன ஒரு வார்த்தை சொல்லுங்க, இவன் காலு வண்டிக்கு ஆகாதுன்னு. அப்பறம் நான் பாத்துக்கிடுறேன்."

தர்மம் செய்தவருக்கு இப்படி ஒரு சங்கடம். ஏறிய மேடையிலிருந்து இறங்குவதற்கு எங்களை ஏணி பிடிக்கச் சொன்னார். ஃபோர்மேன் சரி என்று தலையாட்டினார். லாரிகள் எல்லாம் அந்தத் தலையாட்டலில்தான் நின்றுகொண்டிருந்தன. ஆனால் நாங்கள் சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை வரைக்கும் வண்டி வைத்திருந்த எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். விருதுநகர் ஒர்க்‌ஷாப்பே சொல்லிவிட்டது என்றால் அதன் பிறகு ஞானமுத்து கையில் யாரும் ஒரு ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

அன்று சாயங்காலம் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தார். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். பெயர் ரூபி. ஞானமுத்துவின் மனைவி.

"அண்ணாச்சி, நீங்கதான ஃபோர்மேன்?"

"ஆமா தாயி. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல, டூட்டி இருக்கு. கம்பெனியில பேச்சு அடிபடுது. நாளைக்கு நீங்க மொதலாளிகிட்ட எங்க வீட்டுக்காரகளைப் பத்தி என்ன சொல்லப்போறீகன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார். "பாத்ததைச் சொல்லுவேன். எங்க கையில கியரு விழுது, அவரு கையில கடிக்குது. காலு மிதிக்க மாட்டேங்குது. நான் என்ன தாயி செய்ய?"

"எக்ஸ்-ரே படத்தை டாக்டரு என்கிட்டதான் காட்டுனாரு. எலும்பு நல்லாக் கூடியிருக்கு. காலு உசரம் கொறைஞ்சதால நொண்டுறாக. பெலத்துக்குக் கொறையில்ல. ஆனா வண்டியில ஒண்ணுமில்லன்னு நீங்க ரெண்டு தடவை சொன்ன பெறகு, அவுகளே காலு போச்சுன்னு நம்ப ஆரம்பிச்சிட்டாக. சாப்பிடுறதில்ல. உக்காந்து முழங்காலையே பாத்துக்கிட்டு இருக்காக." அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "காலை நாங்க பாத்துட்டோம் அண்ணாச்சி. வண்டியை நீங்க பாத்துட்டீகளா?"

"பெட்டியையே ரெண்டு மட்டம் தொறந்து பாத்தாச்சே!"

"பெட்டியத்தான பாத்தீக? அவுக ஓட்டும்போது பாத்தீகளா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபோர்மேன் வாசலைக் காட்டினார். "ஊசி போட்டுட்டுப் போகுது பாரு" என்றார். எரிச்சலாகச் சொன்னார், ஆனால் அவர் முகம் சரியில்லை. பிறகு, "ஏலே, நாளைக்கு நீயும் வா. சொல்லுறதுக்கு முன்ன ஒருக்க அங்கன வச்சே ஓட்டிப் பாப்போம்" என்றார். அவரைப் பற்றி நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும், இந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் அவரை மனதாரக் கும்பிடுகிறேன்.

மறுநாள் பஸ் பிடித்து விஸ்வநத்தம் போனோம். கம்பெனி வேலிக்கு வெளியே ஆபீஸ், ஆபீஸுக்கு முன்னால் கார். முதலாளி சொன்ன அந்த "நாலு பேரு" ஏற்கெனவே வந்து நின்றார்கள். கணக்குப்பிள்ளை, வாட்ச்மேன், பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவர், லோடு ஏற்ற வந்தவர்கள். தீர்ப்பு கேட்க வந்த கூட்டம். ஞானமுத்து காருக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

நான் காரில் ஏறப்போனேன். முதலாளி தடுத்தார்.

"செருப்பைக் கழத்து தம்பி. பின்னாடி சாம்பிள் இருக்கு."

பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்போடு போகக் கூடாது, இரும்பு கொண்டுபோகக் கூடாது. ஆணி உரசினாலும் பொறி பறக்கும். இந்தச் சட்டத்தை அவர் காருக்கும் நீட்டி வைத்திருந்தார். சீட்டுக்குப் பின்னால் ஏஜெண்டுகளுக்குக் காட்ட எப்போதும் வெடிப் பெட்டிகள் இருக்கும், அதனால் ஏறுகிறவர் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். சுருட்டு மட்டும் சட்டத்தில் சேராது போலிருந்தது. இதைச் சொன்னபோது அது அவர் வாயில் புகைந்துகொண்டிருந்தது.

முதலில் ஞானமுத்துவை ஓட்டச் சொன்னார்கள். ஏறினார், மிதித்தார், கடித்தது. "பாத்தீகளா?" என்று முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். அடுத்து நான் ஏறினேன். என் கால் உடைந்ததில்லை. இந்தக் கியரை நானே பூட்டி, நானே வெண்ணெயாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மிதித்தேன், போட்டேன்.

கறகறவென்றது.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஞானமுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதலாளி கொஞ்சமும் அசரவில்லை.

"பாத்தீகளா, அம்புட்டுக்குக் கெடுத்து வச்சிருக்கான். இனி யாரு போட்டாலும் இப்படித்தான்!"

கடித்தால் ஞானமுத்து குற்றம், நான் போட்டுக் கடித்தாலும் ஞானமுத்து குற்றம். இப்படிப்பட்டவர்கள் நீதிபதியாகப் போகாமல் பட்டாசு செய்வது நாட்டுக்கு நல்லது.

ஃபோர்மேன் என் முகத்தைத்தான் பார்த்தார். அன்றைக்கு எங்களிடம் விழுந்த கியர் இன்றைக்கு ஏன் விழவில்லை? நான் சும்மா ஒரு தடவை கிளட்சை மிதித்து விட்டேன். இன்னொரு தடவை. அப்போதுதான் உறைத்தது. சத்தம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு மிதிக்கும் கேட்ட அந்த "டங்" இங்கே கேட்கவில்லை. பெடல் எதிலோ மெத்தென்று போய் நின்றது. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன்.

கனத்த ரப்பர் விரிப்பு. அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. வெடிமருந்து கலக்கும் அறைத் தரையில் பொறி பறக்காமல் இருக்கப் போடுவார்களே, அதே விரிப்பு. பெடலுக்கு அடியில் அதை வெட்டித் திணித்திருந்தார்கள். பெடல் இறங்க வேண்டிய கடைசி இரண்டு விரற்கடையை விரிப்பு எடுத்துக்கொண்டது. கிளட்ச் அரைகுறையாகத்தான் விலகியது. நாங்கள் வண்டியில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக இந்த விரிப்பை உருவி மூலையில் போட்டிருக்கிறோம். அது இல்லாமல் ஓட்டிப் பார்த்து வெண்ணெய் என்று சொல்லியிருக்கிறோம். அதைத் திரும்ப விரித்தது ஞானமுத்து. அது முதலாளி உத்தரவு. அவர் காலில் ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பழுதைக் கண்டுபிடித்ததும் வாய் துறுதுறுக்கும். நாலு பேர் முன்னால் நான் எழுந்து நின்று "விரிப்புதான் காரணம்" என்று கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த விரிப்பு முதலாளியின் சொந்த மூளையில் உதித்தது. போன சீசனில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தீப்பிடித்து ஆட்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு பெடல் தகட்டில் முட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கிறது. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த வட்டாரத்தில் தீயைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை, நானும் சிரிக்க மாட்டேன். ஆனால் மருந்து அறைக்கு வந்த ரப்பரில் பாதியை வெட்டித் தன் காருக்குள் போட்டுக்கொண்டதை, அங்கே தரையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் சார்பில் கொஞ்சம் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு.

நான் இறங்கிப்போய் ஃபோர்மேன் காதில் மட்டும் சொன்னேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். இரண்டு தடவை திறந்த பெட்டி, தரையில் வீசிய துணி, ரூபியின் கேள்வி எல்லாம் அந்த மூடிய கண்ணுக்குள் ஓடியிருக்கும். திறந்தபோது ஆளே மாறியிருந்தார். தன் கெட்டிக்காரத்தனத்தை அன்றைக்குத்தான் அவர் சரியான இடத்தில் செலவழித்தார்.

"மொதலாளி," என்றார் குழைவாக, "தீர்ப்புச் சொல்லுறதுக்கு முன்ன ஒரே ஒரு டிரையல். வண்டியில ரொம்ப வேகமாப் போய்ப் பாக்கணும். குலுங்கும். உள்ள வெடி இருக்கே, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? சாம்பிளை எறக்கி வச்சிருவோம்."

முதலாளிக்கு அது பிடித்தது. பாதுகாப்பு என்று சொன்னாலே அவருக்குப் பிடிக்கும். பெட்டிகளை இறக்கினார்கள்.

"வெடி எறங்கிட்டா விரிப்பும் எதுக்கு மொதலாளி? டிரையலுக்கு மட்டும் எடுத்துக்கிடுறேன்."

முதலாளி யோசித்தார். வெடி இல்லாத காரில் விரிப்புக்கு என்ன வேலை என்று அவருக்கும் தெரியவில்லை. தலையாட்டினார். ஃபோர்மேன் இரண்டு விரிப்பையும் உருவி, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். "நல்ல ரப்பரு. மருந்து ரூமுக்கு வாங்குனதோ? அங்கனயே போட்டுருவோமா? ஆளுகளுக்கு ஆகும்ல" என்று சொல்லி வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டார். லோடு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சுருட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"ஞானமுத்து, ஏறும்."

ஞானமுத்து நகரவில்லை. "தம்பியே ஓட்டட்டும் அண்ணாச்சி" என்றார் மெதுவாக. மறுபடியும் கடித்துவிட்டால் தன் கால் போனது உறுதியாகிவிடுமே என்று பயந்தார். ஒரு காலத்தில் பம்பாய் வரைக்கும் லோடு கொண்டுபோன மனிதர். பக்கத்தில் போய், "நீங்கதான் ஓட்டணும்ணே. நல்லா அழுத்தி மிதிங்க, அவ்வளவுதான்" என்றேன்.

ஏறினார். மிதித்தார். "டங்" என்றது. முதலாளி துள்ளிவிழுந்தார். கியர் விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஞானமுத்து நம்பாமல் எடுத்து ரிவர்ஸ் போட்டார். விழுந்தது. திரும்ப முதல் கியர். விழுந்தது. பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சிவகாசி ரோட்டில் போய்விட்டார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று ஒவ்வொன்றும் விழுவது தூரத்திலிருந்தே இன்ஜின் சத்தத்தில் தெரிந்தது. ஃபோர்மேன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் உங்களுக்கு இரண்டு வார்த்தை. வண்டி எந்தக் கோலத்தில் வந்ததோ அந்தக் கோலத்திலேயே ஓட்டிப் பாருங்கள். பாரம், விரிப்பு, சாமான், ஓட்டுகிறவர் எல்லாம் சேர்ந்ததுதான் வண்டி. நீங்கள் துடைத்துக் கழுவி, வேண்டாததை எல்லாம் மூலையில் போட்டுவிட்டு ஓட்டிப் பார்ப்பது வேறொரு வண்டி. அந்த வேறொரு வண்டி எப்போதும் நன்றாகத்தான் ஓடும். பழுது நம் கையில் வராமல் இன்னொருவர் கையில் மட்டும் வந்தால், அந்த ஆளைப் பழிப்பதற்கு முன்னால் அவர் உட்கார்ந்த இடத்தில் போய் உட்காருங்கள். கியர் பெட்டியைக் கழற்ற யாருக்கும் தெரியும். ஒரு மனிதரின் பிழைப்பைக் கழற்றிவிட்டால் திரும்பப் பூட்ட நம்மிடம் ஸ்பானர் கிடையாது.

ரொம்ப நேரம் கழித்து ஞானமுத்து வந்தார். உடம்பெல்லாம் புழுதியோடு இறங்கினார், சிரித்துக்கொண்டிருந்தார். இடது தொடையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார், வெகுநாள் கழித்து வீடு வந்த பிள்ளையைத் தட்டுவது போல.

முதலாளிக்கு இப்போது வேறு மேடை கிடைத்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் தாராளமாகச் சொன்னார்: "சரிலே, காலு நல்லாத்தான் இருக்கு. போனாப் போகுது, நீயே இருந்துக்கோ. இனிமேலாவது ஒழுங்கா ஓட்டு."

ஞானமுத்து சாவியை எடுத்து, ஆபீஸ் வாசலில் இருந்த மேசையில் வைத்தார்.

"வேணாம் மொதலாளி. காலு போச்சுன்னு நெனச்சுத்தான் உங்ககிட்ட இருந்தேன். காலு இருக்கு. நான் லோடு வண்டிக்கே போறேன்."

"ஏலே! ஒனக்கு வாழ்வு குடுத்தவன்லே நான்!"

"ஆமா மொதலாளி. நெறையத் தடவை சொல்லிருக்கீக."

கும்பிட்டார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். நொண்டவில்லை என்று சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள். நொண்டத்தான் செய்தார். ஆனால் அப்புறம் அவரைப் பிடிக்க நாங்கள் எட்டி வைத்து நடக்க வேண்டியிருந்தது.

நாங்கள் கிளம்புவதற்குள் முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். சீசன் நேரம், பளபளவென்று கார், கடிக்காத கியர், ஓட்டத்தான் ஆளில்லை. முகம் சிவந்து கத்தினார்.

"வண்டியை ரிப்பேர் பாருங்கன்னு கூப்புட்டா, டிரைவரை ரிப்பேர் பாத்து அனுப்பிட்டீகளேய்யா!"

திட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார்.